வீட்டில் உபரி வெப்பம் தேடப் போகிறீர்களா? செல்லில் கரண்ட் விடும் முன் செய்ய வேண்டியவை

மேசை மேல் வைக்கும் சின்னக் கருவியிலேயே அணுக்கரு வினை நடந்து, கொடுத்த மின்சாரத்தைவிடக் கூடுதலாக ‘உபரி வெப்பம்’ வரும் என்று ஒரு கூற்று உண்டு. அதைக் குளிர் இணைவு, லெனர், குறை ஆற்றல் அணுக்கரு வினை என்று எந்தப் பெயரில் படித்துவிட்டு வந்திருந்தாலும் சரி, வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் சிக்குகிறார்கள். செல்லை, அதாவது கரண்ட் விடும் கரைசல் பாத்திரத்தை, ஒரே நாளில் கட்டிவிடுகிறோம், அதிலிருந்து வரும் வெப்பத்தை ஒழுங்காக அளக்க மாதக்கணக்கில் திண்டாடுகிறோம். எனக்கும் அப்படித்தான் போனது. இதைத் தமிழில் யாராவது வரிசையாக எழுதி வைத்திருந்தால் பாதி செலவும் பாதி எரிச்சலும் மிச்சமாகியிருக்கும்.

வரலாறு இங்கே வேண்டாம். நிலவரத்தை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். கூகுள் பணம் கொடுத்து சுமார் 30 ஆய்வாளர்கள் சில ஆண்டுகள் தேடிவிட்டு, அணுக்கரு வினைக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2019 மே மாதம் நேச்சர் இதழில் எழுதினார்கள். மறுபக்கம், 2011 பிப்ரவரியில் இந்தத் துறையின் 16ஆவது சர்வதேச மாநாடு சென்னையில்தான் நடந்தது, 2015இல் இந்திய அறிவியல் இதழான கரண்ட் சயின்ஸ் இதற்கென்று ஒரு தனிப்பகுதியே வெளியிட்டது. பெரும்பாலான இயற்பியலாளர்கள் இதை ஏற்கவில்லை. நீங்கள் வீட்டில் இந்தச் சண்டையைத் தீர்த்துவைக்கப் போவதில்லை. ஆனால் 0.1 வாட்டை நம்பிச் சொல்லும் அளவுக்கு ஒரு கலோரிமீட்டர், அதாவது வெப்பத்தை அளக்கும் கருவி, கட்டிவிட்டால், வீடியோ போடுகிற பாதிப் பேரைவிட மேலே போய்விடுவீர்கள்.

1. எந்தச் சோதனை என்று முடிவு செய்யுங்கள்

மூன்று வழிகள் கண்ணில் படும். இரண்டை இப்போதே தள்ளிவிடலாம்.

முதலாவது பல்லேடியமும் கனநீரும். பல்லேடியம் கிராமுக்கு ஆயிரக்கணக்கில் விலை போகிறது. அதற்குள் டியூட்டீரியத்தை (கனநீரில் இருக்கும் கனமான ஹைட்ரஜன்) ஏற்ற நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். ஒரு பல்லேடியம் அணுவுக்கு 0.9 டியூட்டீரியம் அளவாவது ஏறினால்தான் ஏதாவது தெரியும் என்று அதைச் செய்தவர்களே சொல்கிறார்கள், அந்த அளவு ஏறியதா என்று அளப்பதே தனி வேலை. பணத்தைவிடப் பெரிய சிக்கல் கனநீர்தான். இந்தியாவில் அது அணுசக்திச் சட்டக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். தூத்துக்குடியிலேயே கனநீர் ஆலை கட்டியிருக்கிறார்களே, கேட்டால் கிடைக்காதா என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டு இணையக் கடையில் ஆர்டர் போட்டுப் பார்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம்.

இரண்டாவது, நிக்கல் தூளையும் லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடையும் அலுமினா குழாயில் அடைத்து 1000 டிகிரிக்கு மேல் சூடாக்குவது. 2014க்குப் பிறகு பலர் இதில் இறங்கினார்கள். அந்த ஹைட்ரைடு தண்ணீர் பட்டால் மூர்க்கமாக வினைபுரியும், மூடிய குழாய் அழுத்தத்தில் வெடிக்கும். அதோடு, இந்த வகைச் சோதனைகளில் பேர்போனதான லுகானோ அறிக்கையே அகச்சிவப்பு கேமராவில் அலுமினாவின் உமிழ்திறனை (சூட்டைக் கதிராக வெளிவிடும் திறன்) தவறாக வைத்து வெப்பநிலையைக் கூட்டிக் காட்டிவிட்டது என்ற விமர்சனத்தில் மாட்டிக்கொண்டது. ஆபத்தும் அதிகம், அளப்பதும் கஷ்டம். விட்டுவிடுங்கள்.

மூன்றாவதுதான் நமக்கு. சாதாரணத் தண்ணீரில் பொட்டாசியம் கார்பனேட் கரைத்து, நிக்கல் கேத்தோடு (எதிர்மின்முனை) வைத்து மின்னாற்பகுப்பு செய்வது. 1990களின் தொடக்கத்தில் இதில் உபரி வெப்பம் வருவதாகச் சொன்னார்கள், பாபா அணு ஆராய்ச்சி மையத்திலும் அப்போது செய்து பார்த்தார்கள். இதில் உபரி போலத் தெரிந்தது வேறு எப்படி வந்திருக்கலாம் என்பதும் நன்றாக ஆராயப்பட்டிருக்கிறது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல செல் கிடையாது.

2. வாங்குவது, பில், காகிதங்கள்

எலக்ட்ரானிக்ஸ் எல்லாம் ரிச்சி தெருவிலோ இணையத்திலோ கிடைக்கும். தோராய விலை சொல்கிறேன், கடைக்குக் கடை மாறும். 30 வோல்ட் 5 ஆம்பியர் பெஞ்ச் பவர் சப்ளை நான்காயிரம் முதல் ஆறாயிரம் வரை. சென்சார்களைப் படித்துப் பதிவு செய்ய இஎஸ்பி32 போர்டு ஐந்நூறு. கரண்டும் வோல்டேஜும் அளக்க ஐஎன்ஏ226 மாட்யூல் இருநூறு, முந்நூறு. தண்ணீர் புகாத டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சார் ஒன்று நூறு, நூற்றைம்பது, ஆறு வாங்குங்கள். மீன் கடையில் கிடைக்கும் பெரிய தெர்மோகோல் பெட்டி, மீன்தொட்டி பம்ப், கண்ணாடிக் குடுவைகள் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குள். மொத்தம் பதினைந்தாயிரத்துக்குள் முடிக்கலாம். பணத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட முடியும் என்றால் சென்சாரில் போடுங்கள். பவர் சப்ளை பளபளப்பாக இருந்து ஒன்றும் ஆகப் போவதில்லை.

ரசாயனக் கடையில்தான் அலைச்சல். பொட்டாசியம் கார்பனேட் ஒன்றும் பயங்கரமான சரக்கு இல்லை, ஆனாலும் தனி ஆளுக்கு விற்க மாட்டோம், கல்லூரி லெட்டர்பேடு வேண்டும், ஜிஎஸ்டி எண் வேண்டும் என்று பல கடைகளில் திருப்பி அனுப்புவார்கள். ஆதார் நகலும், எதற்காக எவ்வளவு வேண்டும் என்று நான்கு வரியில் கையெழுத்திட்ட ஒரு கடிதமும் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு சீக்கிரம் முடியும். ‘அணு’ என்ற சொல்லைக் கடையில் எடுக்காதீர்கள். மின்னாற்பகுப்பு என்று சொல்லுங்கள், அதுதான் உண்மையும். ஆய்வகத் தரத்தில் 500 கிராம் போதும். அதே கடையில் நீரற்ற சோடியம் கார்பனேட்டும் 500 கிராம் வாங்கிவிடுங்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். இரண்டுக்கும் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கி, பில்லோடு ஒரு ஃபைலில் போடுங்கள். வீட்டு ஓனரோ அப்பார்ட்மென்ட் சங்கமோ வந்து கேட்டால் காட்ட உதவும்.

நிக்கலில் ஒரு பொறி இருக்கிறது. பேட்டரி பேக் வெல்டிங்குக்கு விற்கும் நிக்கல் பட்டைதான் மலிவு, ஆனால் அப்படி விற்பவற்றில் பல நிக்கல் முலாம் பூசிய இரும்பு. காந்தம் வைத்துப் பார்த்துப் பயனில்லை, நிக்கலும் காந்தத்தில் ஒட்டும். ஒரு துண்டைக் கத்தியால் ஆழமாகக் கீறி, உப்புத் தண்ணீரில் ஓர் இரவு போட்டு வையுங்கள். காலையில் கீறலில் துரு இருந்தால் அது இரும்பு.

ஆனோடுக்கு (நேர்மின்முனை) ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டியையோ தட்டையோ வெட்டிப் போடாதீர்கள். காரக் கரைசலில் அது அரித்து, குரோமியம் குரோமேட்டாகக் கரைந்து தண்ணீர் மஞ்சளாகும். அது நச்சு, புற்றுநோய் வரவைப்பது. பிளாட்டினம் பூசிய டைட்டானியம் வலை, நகைக்கு ரோடியம் முலாம் போடுகிறவர்களுக்குச் சரக்கு கொடுக்கும் கடைகளில் சின்னத் துண்டாகக் கிடைக்கும். அது கிடைக்கவில்லையா, இன்னொரு சுத்தமான நிக்கல் பட்டையே போதும். சமையல் உப்பைக் கரைசலில் சேர்க்கவே கூடாது, குளோரின் வரும்.

3. 1.48 வோல்ட் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

செல்லுக்கு 4 வோல்ட், 1 ஆம்பியர் கொடுக்கிறீர்கள். உள்ளே போவது 4 வாட். ஆனால் அது முழுவதும் சூடாக மாறாது. ஒரு பங்கு தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கச் செலவாகி, குமிழியோடு வெளியே போய்விடுகிறது. அந்தப் பங்கு ஓர் ஆம்பியருக்கு 1.48 வாட். ஆக, திறந்த செல்லில் எதிர்பார்க்க வேண்டிய வெப்பம் 2.52 வாட்.

இப்போது அந்த வாயுக்கள் வெளியே போகாமல் செல்லுக்குள்ளேயே மறுபடி சேர்ந்து தண்ணீராகிவிட்டால்? போக வேண்டிய 1.48 வாட்டும் உள்ளேயே சூடாக நிற்கும். கலோரிமீட்டர் 4 வாட் காட்டும், உங்கள் கணக்குத்தாளில் 2.52 இருக்கும், ஏறக்குறைய 59 சதவீதம் உபரி! பத்து நிமிடத்தில் நோபல் பரிசு.

முழுவதும் சேர வேண்டியதுகூட இல்லை. 2 வோல்ட், 1 ஆம்பியரில் ஓட்டினால் எதிர்பார்க்கும் வெப்பம் 0.52 வாட்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு வாயு மறுசேர்க்கை ஆனாலே 0.3 வாட் கூடுதலாகத் தெரியும், அதுவும் ஐம்பது சதவீதத்துக்கு மேல். குறைந்த வோல்டேஜ், குறைந்த கரண்ட் என்று போகப் போக இந்த மாயம் பெரிதாகும். அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1995இல் இதைத்தான் காட்டினார்கள்: இதே மாதிரிச் செல்களில் உபரி வெப்பத்தைச் சுலபமாக வரவழைத்தார்கள், இரண்டு வாயுக்களும் கலக்காமல் நடுவே தடுப்பு வைத்ததும் அது நின்றுபோனது.

பிளாட்டினம் ஆனோடு இருந்தால் இன்னும் கவனம். நாளடைவில் கொஞ்சம் பிளாட்டினம் கரைந்து கேத்தோடில் படியும், மறுசேர்க்கைக்கு அதைப் போல நல்ல வினையூக்கி கிடையாது. ‘முதல் வாரம் ஒன்றுமில்லை, மூன்றாம் வாரம் உபரி தொடங்கியது’ என்ற கதைகளைப் படிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

4. வாயுவை அளக்கும் ஏற்பாடு

இது இல்லாமல் திறந்த செல்லைத் தொடங்கவே தொடங்காதீர்கள். செல்லின் மூடியிலிருந்து ஒரு குழாயை எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் கவிழ்த்து வைத்த 500 மில்லி அளவுக் குடுவைக்குள் விடுங்கள். 1 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்கு இரண்டு வாயுவும் சேர்ந்து, 30 டிகிரியில், சுமார் 0.7 லிட்டர் வர வேண்டும். அதாவது குடுவை 43 நிமிடத்தில் நிரம்பும், நீராவியும் சேர்வதால் ஓரிரு நிமிடம் முன்னாலேயே. 50 நிமிடம் ஆகிறதா? ஆறில் ஒரு பங்கு வாயு காணாமல் போகிறது. குழாயில் கசிவு இல்லை என்றால் அது செல்லுக்குள் தண்ணீராகியிருக்கிறது, 0.2 வாட்டுக்கும் மேலான ‘உபரி’யின் முகவரி அதுதான்.

அளந்து முடித்ததும் குடுவையை எடுத்து ஜன்னலுக்கு வெளியே காலி செய்யுங்கள், குழாயையும் எப்போதும் வெளியே விடுங்கள். இந்தக் கலவை ஒரு பொறி பட்டாலே வெடிக்கும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே பற்றும். அதனால் மூடிக்கு உள்ளே ரிலே, சுவிட்ச் எதுவும் வேண்டாம், செல்லுக்கு மேலே இருக்கும் காலி இடத்தை எவ்வளவு சின்னதாக வைக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக வையுங்கள். பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள், கரைசல் நல்ல காரம்.

வினையூக்கியை உள்ளேயே வைத்து எல்லா வாயுவையும் தண்ணீராக்கிவிடும் மூடிய செல் கணக்குக்குச் சுலபம், வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் முடிந்தது. ஆனால் வினையூக்கி நனைந்து செத்துப்போனால் அழுத்தம் ஏறும். கொஞ்சம் கை பழகிய பிறகு அதற்குப் போகலாம்.

5. சென்சார்களை ஒன்றோடொன்று ஒத்துப் பாருங்கள்

வாங்கிய ஆறு டிஎஸ்18பி20-யையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, ஒரு சொம்புத் தண்ணீருக்குள் விட்டு, தண்ணீரைக் கலக்கிக்கொண்டே படியுங்கள். ஒன்று 29.8125 காட்டும், பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது 30.3125 காட்டும். நான்கு தசம இடம் இருக்கிறதே என்று ஏமாறாதீர்கள். அந்தச் சென்சாரின் துல்லியம் கூட்டியோ குறைத்தோ அரை டிகிரி, படிநிலைதான் 0.0625.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். வினாடிக்கு 1 கிராம் தண்ணீர் ஓடும் ஓட்டக் கலோரிமீட்டரில் உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் 1 டிகிரி வித்தியாசம் என்றால் அது 4.18 வாட். சரிபார்க்காத இரண்டு சென்சாரைப் போட்டால் ஒன்றுமே இல்லாத இடத்தில் 4 வாட் ‘கிடைக்கும்’. 25, 30, 35, 40 டிகிரிகளில் ஒவ்வொரு சென்சாரின் விலகலையும் எழுதி, நிரலில் கழித்துவிடுங்கள். ஒரு நாள் வேலை. வசதி இருந்தால் பிடி100 என்ற பிளாட்டினம் சென்சாருக்கு மாறுங்கள், ஆனால் அதற்கும் இந்தச் சொம்புச் சோதனை உண்டு.

6. கலோரிமீட்டரும் அளவுத்திருத்தமும்

ஓட்டக் கலோரிமீட்டர் பார்க்க அழகு, பம்ப் ஓட்டம் மாறிக்கொண்டே இருக்கும், தொடக்கத்தில் வேண்டாம். தெர்மோகோல் பெட்டியில் நாற்பது, ஐம்பது லிட்டர் தண்ணீர் நிரப்பி, மீன்தொட்டி பம்பால் கலக்கிக்கொண்டே இருங்கள். அதன் நடுவில் 250 மில்லி செல், சுற்றிலும் கொஞ்சம் காப்பு. செல்லுக்கும் பெட்டித் தண்ணீருக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம்தான் உங்கள் அளவுகோல். உங்கள் அமைப்பில் 1 வாட்டுக்கு 4 டிகிரி ஏறுகிறது என்று வையுங்கள், அப்போது 0.1 டிகிரி பிழைகூட 0.025 வாட்தான். இதனால்தான் இந்த எளிய ஏற்பாட்டைச் சொல்கிறேன்.

தெரிந்த வாட்டைக் கொடுத்து எத்தனை டிகிரி ஏறுகிறது என்று குறித்து வைப்பதுதான் அளவுத்திருத்தம். அதற்குச் செல்லுக்குள்ளேயே ஒரு ஹீட்டர் வேண்டும். 10 ஓம், 10 வாட் மின்தடையை எண்ணெய் ஊற்றிய மெல்லிய கண்ணாடிக் குழாயில் போட்டு இறக்குங்கள். 1, 2, 3, 4 வாட் என்று ஏற்றி, ஒவ்வொன்றிலும் வெப்பநிலை அசையாமல் நிற்கும் வரை சில மணி நேரம் காத்திருந்து, வரைபடத்தில் கோடு போடுங்கள். அவசரப்பட்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே குறித்தால் கோடு வளையும். பிறகு மின்னாற்பகுப்பு ஓடும்போதே ஹீட்டரில் கூடுதலாக 1 வாட் கொடுத்து, அதே ஏற்றம் வருகிறதா என்று பாருங்கள். குமிழிகள் தண்ணீரைக் கலக்குவதால் சும்மா நிற்கும் தண்ணீரில் எடுத்த கோடு ஓடும் செல்லுக்கு அப்படியே பொருந்தாது. இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள்.

வோல்டேஜை செல்லின் முனையிலேயே தனி ஒயர் போட்டு அளங்கள், பவர் சப்ளையின் திரை ஒயரில் விழும் வோல்டேஜையும் சேர்த்துக் காட்டும். எப்போதும் நிலையான கரண்ட் முறையில் ஓட்டுங்கள். பல்ஸ், ஸ்பார்க், ஆடியோ ஆம்ப்ளிஃபயர் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். உள்ளே போகும் வாட்டை நீங்களே நம்ப முடியாமல் போகும்.

கரைசல் லிட்டருக்கு 83 கிராம் பொட்டாசியம் கார்பனேட், டிஸ்டில்டு வாட்டரில். 1 ஆம்பியரில் ஒரு நாளைக்கு 8 கிராம் தண்ணீர் வாயுவாகப் போகும், ஆவியாவது தனி. தினமும் ஒரே நேரத்தில் வெறும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி பழைய மட்டத்துக்கு நிரப்புங்கள், மட்டம் இறங்கினால் அளவுத்திருத்தமும் மாறும்.

7. சோடியம் செல், அப்புறம் நாட்காட்டி

பொட்டாசியத்தில் உபரி வருகிறது, சோடியத்தில் வரவில்லை என்பதுதான் அந்தக் காலத்துக் கூற்று. அதனால் அதே செல், அதே நிக்கல், லிட்டருக்கு 64 கிராம் சோடியம் கார்பனேட் போட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். முடிந்தால் குடும்பத்தில் யாரையாவது விட்டு இரண்டு கரைசலையும் ‘அ’, ‘ஆ’ என்று பெயர் ஒட்டித் தரச் சொல்லுங்கள், எது எது என்று கடைசியில் தெரிந்தால் போதும். இரண்டிலும் ஒரே உபரி வந்தால் அது கருவியின் உபரி.

காலம்: சென்சாருக்கு ஒரு வார இறுதி, அளவுத்திருத்தத்துக்கு ஒரு வாரம், சோடியம் ஒரு வாரம், பொட்டாசியம் இரண்டு வாரம், மறுபடி அளவுத்திருத்தம் இரண்டு நாள். எப்படிப் பார்த்தாலும் ஒரு மாதத்துக்கு மேல். சென்னையில் என்றால் டிசம்பர், ஜனவரியில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் அறையே கொதிக்கும், ஏசி போட்டால் அது நின்று நின்று ஓடும் ஏற்றத்தாழ்வு உங்கள் வரைபடத்தில் பல்வரிசை போல வந்து நிற்கும். பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் போகும் நாளை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தாலும் அந்த நாளின் தரவைத் தனியாக வையுங்கள்.

8. நோட்டுப் புத்தகம்

பக்க எண் போட்ட கட்டு நோட்டு, பேனா. ஓட்டத் தொடங்கும் முன்பே ‘இத்தனை வாட்டுக்கு மேல், இத்தனை மணி நேரம் நின்றால்தான் உபரி என்பேன்’ என்று எழுதித் தேதி போடுங்கள். பின்னால் எழுதினால் மனசு வசதிக்கு ஏற்ப எண்ணை வளைக்கும். கணினியில் மூலத் தரவைத் தொடாமல் ஒரு நகல், கணக்குக்கு ஒரு நகல். ஒவ்வொரு நாளும் ஒயரிங்கை ஒரு படம் எடுங்கள், நிரலின் எந்தப் பதிப்பு ஓடியது என்றும் குறியுங்கள். நாளை யாரிடமாவது காட்டினால் முதல் கேள்வி அளவுத்திருத்தத் தரவு எங்கே என்பதாகத்தான் இருக்கும்.

9. உபரி தெரிந்தால்

யாருக்கும் போன் போடாதீர்கள். வாயு அளவை மறுபடி எடுங்கள், ஹீட்டர் சோதனையை மறுபடி செய்யுங்கள், செல்லின் சென்சாரையும் பெட்டியின் சென்சாரையும் இடம் மாற்றிப் போடுங்கள், வேறு மல்டிமீட்டரால் வோல்ட்டும் ஆம்பியரும் பாருங்கள். இதற்குப் பிறகும் நின்றால் மொத்த உபரி ஆற்றல் எத்தனை ஜூல் என்று கணக்கிடுங்கள். 0.2 வாட் ஒரு நாள் முழுவதும் நின்றாலும் 17 கிலோஜூல்தான்; ஒரு கிராம் பெட்ரோலிலேயே 40 கிலோஜூலுக்கு மேல் இருக்கிறது. சாதாரண வேதியியலால் சொல்லிவிட முடியாத அளவுக்குப் போக வாரக்கணக்கில் ஓட வேண்டும்.

கதிர்வீச்சை எண்ணும் கைகர் கவுன்ட்டர் வாங்கி வைக்கலாம், ஆனால் அதன் டிக் டிக்கை நம்பி ஒன்றும் எழுதாதீர்கள். பின்னணிக் கதிர்வீச்சு இடத்துக்கு இடம் மாறும், மணவாளக்குறிச்சி மாதிரி கதிரியக்கம் உள்ள மோனசைட் மணல் கிடக்கும் கடற்கரையில் செல்லே இல்லாமல் எண்ணிக்கை ஏறும்.

கடைசியாக, கழுவும் வேலை. நிறம் மாறாத கரைசலை நிறையத் தண்ணீர் விட்டுக் கலக்கி ஊற்றிவிடலாம். பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறியிருந்தால் உலோகம் கரைந்திருக்கிறது. சிங்க்கில் ஊற்றாமல் பிளாஸ்டிக் கேனில் மூடி, பெயர் ஒட்டி வைத்து, அபாயக் கழிவு எடுக்கும் ஆய்வகமோ கல்லூரியோ தெரிந்தால் அங்கே கொடுங்கள்.